இஸ்தோப்பில் இருந்த கட்டைகள்

இந்த ஸ்வெட்டரை இன்னும் துவைக்கவில்லை. பதுளையில் மழை விடட்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அலமாரியைத் திறந்தால் விறகுப் புகை வாசனை வருகிறது. நமுனுகுல தோட்டத்தில், உன் கருமாதி அன்று பிடித்தது.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டது ஒன்றுதான். "என் கட்டைங்கள டவுனுக்குக் கொண்டு போயி நாலு பேரு பார்க்குற மாதிரி வையிடி." மண்டபம் பேசியிருந்தேன். கருமாதிக்கு நான் வந்ததே அவற்றை ஏற்றிப்போக வேனோடுதான்.

மறுநடவுக்காகத் தோட்டத்தில் பிடுங்கிப் போடும் பழைய தேயிலைத் தூர்களைப் பொறுக்கி வந்துதான் நீ உருவங்கள் செதுக்குவாய். "எங்க ஆளுங்களோட வந்த மரம் இது" என்பாய். அப்படிப்பட்ட பேச்சு எனக்கு ஒத்துவராது என்பது கேம்பஸ் காலத்திலேயே உனக்குத் தெரியும். முகமே இல்லாத உருவத்தை யாரென்று எப்படி அறிவது என்று ஒருமுறை கேட்டேன்.

"தேயிலைப் பெட்டியில இருக்குற பொம்பளைக்கு மூஞ்சி இருக்கு. சிரிக்கவும் செய்யிறா. எங்கம்மா மலையில சிரிச்சு நீ பார்த்திருக்கியா? கொழும்புக்காரனுக்குத் தெரியாட்டி போகட்டும். எங்க லயத்து ஆளுங்களுக்குத் தெரியும்."

"அவங்களுக்கும் தெரியாது" என்றேன்.

நீ கோபிக்கவில்லை. உளியைத் துடைத்துக்கொண்டே, "பார்ப்போம்" என்றாய்.

கருமாதிக்கு லயத்து வரிசை வீடுகளின் முன்னால் தறப்பாள் கட்டி, பெரிய அண்டாவில் சோறு ஆக்கியிருந்தார்கள். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு, நீ கட்டைகளை வைத்திருந்த உன் வீட்டு இஸ்தோப்புக்கு, அந்த முன் திண்ணைக்குப் போனேன். அது காலியாக இருந்தது.

உன் தம்பி மனைவி பின்னால் வந்தாள். "மழையில வெறகெல்லாம் நனைஞ்சு போச்சுங்க அக்கா. அண்ணி இங்க அடுக்கி வச்சிருந்த கட்டைங்கதான் காஞ்சிருந்துச்சு. நல்லா எரிஞ்சுச்சு." என்னை ஒருமுறை பார்த்தாள். "வேணுமா இருந்துச்சுங்களா?"

"இல்ல" என்றேன்.

தோட்டத்தில் தேயிலைத் தூர் என்றால் விறகு. அவளை என்ன சொல்வது? எனக்கு அழுகை வரவில்லை. வேன்காரருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ண மட்டும் எடுத்து வச்சிட்டேன்" என்று உள்ளே கூட்டிப்போனாள். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் அந்த முகமில்லாத உருவம் நின்றது. "மாமியாவ எப்படிங்க அடுப்புல வைக்கிறது? காலையில பெரட்டுக்களத்துல இப்படித்தான் நிப்பாங்க, இடுப்ப ஒரு பக்கமா சாச்சிக்கிட்டு. கங்காணி பேரு கூப்புடுற வரைக்கும் அசைய மாட்டாங்க."

மற்றவற்றில் உன் அப்பா இருந்தார். நீயும் இருந்தாய். அவர்களை யாரும் அடையாளம் காணவில்லை.

இதையாவது டவுனுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க அக்கா. மாமியாவுக்கு எங்கயும் போயி பழக்கமில்ல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

வேன் காலியாகவே பதுளைக்கு இறங்கியது. மறுநாள் மண்டபத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாலு பேர் பார்க்க வேண்டும் என்றாய். ஒருத்தி பார்த்தாள். அது உனக்குப் போதுமா என்று தெரியவில்லை, கேட்கவும் வழியில்லை. நம் வாக்குவாதத்தில் யார் சொன்னது சரி என்பதும் முடிவாகவில்லை.

மழை நேற்றே விட்டுவிட்டது. ஸ்வெட்டரை எடுத்து மடித்து மறுபடியும் அலமாரியில் வைத்தேன்.