கொழுப்பு இறங்கியதென்று நான் ஆடிய ஆட்டம்

என் வாலுப் பெண்ணுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருந்தால் எனக்கு அதுவே போதும். இங்கே அப்பா நலம், தம்பி நலம், தையல் கடையும் குறையில்லாமல் ஓடுகிறது. என்னைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, போனில் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதித் தருகிறேன், தம்பி படம் பிடித்து அனுப்புவான். உட்கார்ந்துகொண்டு படி.

அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு வந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே இரத்தத்தில் கொழுப்பு பார்க்கிறோம் அல்லவா. மனிதர் எண்ணெயைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை, நடக்கிறார், மாத்திரை போடுகிறார், அப்படியும் அவருடையது இறங்குவேனா என்கிறது. மாத்திரையும் இல்லாமல் வாயையும் கட்டாமல் இருந்த எனக்கோ போன தடவை மளமளவென்று இறங்கியிருந்தது. கேட்க வேண்டுமா! கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். உனக்காவது கொழுப்பு குறையறதாவது, வேற யாரோட ரத்தமாவது இருக்கும் என்று அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவரை வெறுப்பேற்றவே எதிரில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றேன்.

இதற்கு நடுவில் வயிறு ஊதிக்கொண்டே வந்தது. என் சட்டைக்கு இடுப்பில் தையலைப் பிரித்துத் தளர்த்தினேன், அதே சட்டையின் கை தொளதொளத்ததால் அங்கே பிடித்துத் தைத்தேன். வேறு ஒருத்தி இப்படி வந்து நின்றிருந்தால் என்னம்மா உடம்புக்கு என்று கேட்டிருப்பேன். என் உடம்பு என்றதும் வாயுதான், வயதாகிறது என்று மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைக் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மா என் ரிப்போர்ட்டையும் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சிரிக்கவே இல்லை. ஒண்ணும் செய்யாம எப்படிம்மா இவ்வளவு இறங்கும், வயிறு ஏன் இப்படி இருக்கு, படுங்க பார்க்கலாம் என்றார். உடனே ஸ்கேன். சினைப்பையில் கட்டி, பெரிதாக, சுற்றிலும் நீர். கொழுப்புக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம் என்று அப்பாதான் கேட்டார். இந்த மாதிரி கட்டி இருக்கிற சில பேருக்கு ரத்தத்துல கொழுப்பு இறங்கியிருக்கும், கட்டி இழுத்துக்குதோன்னு ஒரு சந்தேகம் உண்டு, ஆனா அடிச்சுச் சொல்ல முடியாது, கொழுப்பை மட்டும் பார்த்துக் கட்டியைக் கண்டுபிடிக்கவும் முடியாது, எனக்கு இவங்க வயிறுதான் உறுத்துச்சு என்றார். ஊரெல்லாம் சொல்லி நான் பெருமைப்பட்டதை உள்ளே ஒன்று உட்கார்ந்து தின்றுகொண்டிருந்திருக்குமோ என்று நினைத்தால் இன்னும் நம்பவே முடியவில்லை.

அடுத்த வாரம் ஆபரேஷன். கருப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். கெட்ட கட்டியா இல்லையா என்பது எடுத்துச் சோதித்த பிறகுதான் தெரியுமாம். நேற்று அப்பாவே மீன் வாங்கி வந்து பொரித்து வைத்தார், ஒரே கருகல். ஒரு துண்டு விடாமல் தின்றேன்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். எனக்கு இப்படி என்று உன் டாக்டரிடம் மறக்காமல் சொல்லி நீயும் ஒரு ஸ்கேன் எடு, நாளைக்கு என்று தள்ளாதே. லீவு வீணாகும், டிக்கெட் விலை அதிகம், வராதே வராதே என்று எப்போதும் உன்னைத் தடுக்கிறவள் நான்தான். இந்தத் தடவை தைரியமாக இருப்பதுபோல் நடிக்க எனக்குத் தெம்பில்லை. பயமாக இருக்கிறது, வந்துவிடடி.

உன் அம்மா