உச்சியில் மூணு புள்ளி

ஞாயிறு, ராத்திரி.

விசில் குழல் நோட்ஸ்ல ஒரு வரிய இன்னைக்குத்தான் தடுமாறாம படிச்சேன். கோட்டுல ஸ்வரப் புள்ளி மேல ஏற ஏறச் சத்தமும் ஏறணும். கடைசி மூணு புள்ளி உச்சியில இருந்துச்சு. மூட வேண்டிய துளைய மட்டும் சரியா மூடிப் பலமா ஊதினேன். வெறும் காத்துதான் வந்துச்சு. குழல் அடைச்சிருக்கும்னு ஈர்க்குச்சி விட்டு நோண்டிட்டு மறுபடி ஊதினேன். அதேதான்.

சமையக்கட்டுல இருந்து ஊட்டுக்காரி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஓடி வந்தா. "ஏனுங்க, காதே கிழிஞ்சுரும் போல இருக்குது. நிறுத்துங்க."

குழல் நல்லாத்தான் இருக்கு. இத்தனை வருசம் பனியன் கம்பெனி நிட்டிங் மிஷின் இரைச்சல்ல நின்னதுல என் காதுக்குத்தான் உச்சிச் சத்தம் கேக்காமப் போயிருக்கு. அவகிட்டச் சொல்லல. "சரி சாமி"ன்னு குழலத் துடைச்சு வெச்சுட்டேன். நாளைக்கும் அதே மிஷின்கிட்டத்தான் நிக்கணும்.

காகிதத்துல அந்த மூணு புள்ளியும் பளிச்சுனு தெரியுது.