தரையில் இறக்கிவிட்டு முறுக்கணும்

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்கள்: நான், மகள், மாப்பிள்ளை, எதிர்வீட்டு டாக்ஸிக்காரர். அப்புறம் அந்தச் சிவப்பு வண்டி. அதையும் ஓர் ஆளாகத்தான் எழுத வேண்டும், அவ்வளவு பிடிவாதம் அதற்கு.

ரெண்டே சீட்டு உள்ள ஸ்போர்ட்ஸ் கார். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து பன்னிரண்டு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மகள் பஸ் டிப்போவில் ஃபிட்டர். லீவு நாளெல்லாம் இதன் கீழேயே படுத்து எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டாள். இன்றைக்குத் தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தாள். இறங்கும்போதே முகம் சரியில்லை. "திருப்பத்துல வால் ஆடுது. ஆக்ஸிலேட்டரை விட்டா பின்னாடி டொக்குங்குது."

டாக்ஸிக்காரர் ஷாக் அப்சார்பர் என்றார். மகள் டிக்கியை அமுக்கிவிட்டாள். ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டது. அது செத்திருந்தால் இன்னும் ஆடிக்கொண்டிருக்குமாம். உடனே ஸ்பிரிங் என்றார். பிறகு டயர் என்றார். பிறகு காபி கேட்டார்.

வால் ஆடுது என்று அவள் சொன்னது எனக்குப் புதுசு இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 10

தூக்கம் சரியில்லை. எழுதிவிடுகிறேன்.

1994 ஆகஸ்ட் 14, ஞாயிறு. ஓட்டினது நான். பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர். பின்னாலேயே ஸ்கூட்டரில் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும். தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் நான் வேகமாகப் போகவில்லை. நாற்பதுகூட இல்லை, மீட்டர் முள் இன்னும் கண்ணில் நிற்கிறது. வால் தானாக வெளியே போனது. பள்ளத்தில் இறங்கினோம். என் இடது மணிக்கட்டு உடைந்தது, வண்டிக்கு ஒரு ஹெட்லைட்.

கொழுந்தன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து சொன்னது: "அண்ணி கையில குடுத்தா இப்படித்தான்." அவன் பெண்டாட்டி சிரித்தாள். இவர் குனிந்து ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கொழுந்தனோடு பேசவும் இல்லை. அவன் மகள் கல்யாணத்தில் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன். லைசென்ஸை மட்டும் ஒரு தடவைகூடத் தவறாமல் புதுப்பித்து வருகிறேன். ஓட்டத் தெரியாதவள் என்று எவனும் எழுதி வைத்துவிடக் கூடாது.

ஆனால் கேள்வி விடவில்லை. என் கைதானா?

மார்ச் 15, சனி

மகள் வண்டியின் பக்கவாட்டில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நூல் கட்டினாள். ஒரு முனையைப் பிடித்தது நான். வலது பக்கம் சரி. இடது பின் சக்கரம் நூலோடு சேராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி.

கீழே படுத்துக் கடப்பாரையால் நெம்பினாள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை இரும்பு முன்னும் பின்னும் நகர்ந்தது. அது வண்டியோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. நார் நாராகக் கிழிந்திருந்தது. ரப்பர் போனால் பின் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்புமாம்.

அவள் சந்தோஷத்தில் என் கன்னத்தில் கிரீஸோடு முத்தம் கொடுத்தாள். கழுவ எனக்கு மனசே வரவில்லை.

மார்ச் 16

நாலு ரப்பரும் புதுசு. வால் ஆட்டம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை, "அத்தை, வாங்க ஒரு ரவுண்டு போலாம்" என்றார். பக்கத்து சீட்டு என்றால் வரமாட்டேன் என்றேன். ஓட்டுகிற சீட்டு என்றாலும் வரமாட்டேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

மார்ச் 23

நல்ல நாள். ஷெட்டைக் கூட்டினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மறுபடி ஆடுகிறது. புது ரப்பர், மூன்று வாரம்கூட ஆகவில்லை, கிழிந்துவிட்டது. மட்டமான சரக்கு என்று டாக்ஸிக்காரர் கடைக்காரனைத் திட்டினார். மகள் திட்டவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். இன்னும் ஒரு தடவை பார்ப்பாளாம், சரிவரவில்லை என்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவாளாம்.

போடுவாளா? போட்டுவிட்டால் என் கேள்வியும் அதோடு இரும்புக்குப் போய்விடும்.

ஏப்ரல் 12, சனி

இதை வரிசை பிசகாமல் எழுத வேண்டும்.

வண்டி ஸ்டாண்டில் தூக்கி நின்றது, சக்கரங்கள் தொங்கிக்கொண்டு. மகள் இன்னொரு செட் ரப்பர் போட்டு போல்ட்டை முறுக்கப்போனாள். நான் டார்ச் பிடித்தேன். சும்மா இருக்க முடியாமல் கொழுந்தன் புராணத்தை எடுத்தேன். அவனுக்கு எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தாக வேண்டும், விபத்துக்கு முந்தின மாசம், ஜூலை 17 அன்றும் இப்படித்தான், உங்கப்பா இதே இடத்தில் ரப்பர் மாற்றிக்கொண்டிருந்தார், நான் இதே மாதிரி டார்ச் பிடித்தேன், இவன் டீ டம்ளரோடு வந்து நின்று அண்ணனுக்கே பாடம் எடுத்தான் என்றேன்.

"என்ன பாடம்?"

"தரையில இறக்கிட்டு முறுக்கலாமே அண்ணான்னான். நீ டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புன்னார் உங்கப்பா."

ஸ்பேனர் நின்றுவிட்டது. "அம்மா. அப்பா எப்படி முறுக்கினார்?"

"இப்படித்தான். நீ இப்ப செய்யற மாதிரி, தூக்கி வெச்சே."

அவள் வெளியே உருண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் சிரித்தாள். டிப்போ பஸ்ஸுக்குப் பட்டை ஸ்பிரிங், அதில் இந்தத் தொல்லை இல்லை, அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டாளாம். இதில் சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரைக்கு வந்ததும், பிழிந்த துணியைப் பிரிக்காமலே கொடியில் போட்ட மாதிரி, முறுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு மாசம்கூடத் தாங்காது.

ஜூலை 17-லிருந்து ஆகஸ்ட் 14 வரைக்கும் எத்தனை நாள் என்று நான் விரலை மடக்கவே இல்லை. இருபத்தெட்டு.

மகள் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

ஏப்ரல் 13

வண்டியை இறக்கி, அதன் கனம் முழுக்கச் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு முறுக்கினாள். நூல் பிடித்தோம். ரெண்டு பக்கமும் ஒட்டி நின்றது.

மதியம் நானே கொழுந்தனுக்கு போன் போட்டேன். முப்பது வருஷம் எட்டு மாசத்தில் முதல் தடவை. அவன் குரல் கிழடாகிவிட்டது.

"தம்பி, அன்னைக்கு வால் ஆடினது ரப்பராலதானே?" என்றேன். எப்படி இருக்கீங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

ஆமாம் என்றான். "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு, அண்ணி. அப்ப எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். நீங்க கைக்கட்டோட உங்க அம்மா வீட்டுல இருந்தீங்க. கிழிஞ்ச ரப்பரைக் காட்டினார். ரெண்டு பேருமா மாத்தி, இறக்கி வெச்சு முறுக்கினோம். அண்ணிகிட்ட சொல்லிடலாம்னேன். நான் சொல்லிக்கறேன், நீ வாயைத் திறக்காதேன்னார்."

அவனுக்கு அந்தப் பக்கம் அழுகை வந்துவிட்டது. உங்க பெண்டாட்டி சிரிச்சதையும் மறக்கலை என்றேன். அதுக்கும் சேர்த்து மன்னிப்பு கேட்டான். சரி, ஒருநாள் வாங்க, டீ தரேன், குடிச்சிட்டுக் கிளம்புங்க என்றேன். அழுகையிலேயே சிரித்தான்.

சொல்லிக்கறேன் என்று சொன்னவர் அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்து சீட்டில் என்னை உட்காரவைத்து ஓட்டினார். எனக்குப் பிடித்த பட்டாணியை வாங்கிக் கொடுத்தார். மணிக்கட்டு வலித்தால் எண்ணெய் தேய்த்துவிட்டார். நேரம் கிடைக்கவில்லை போல.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலை ஆறரை. தெருவில் ஆள் இல்லை. பக்கத்து சீட்டில் மகள். கிளட்சை விட்டதில் ரெண்டு தடவை எஞ்சின் அணைந்தது. "பார்த்துக்கலாம்மா" என்றாள். மூன்றாவது தடவை நகர்ந்தது.

தண்ணீர்த் தொட்டித் திருப்பம். நாற்பது. வால் என் பின்னாலேயே வந்தது, சொன்ன பேச்சைக் கேட்டு.

திரும்பி வரும்போது டாக்ஸிக்காரர் வாசலில் நின்று, பிரேக்கைப் பார்க்கணும் என்றார். கை காட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் மாலையோடு இருந்த போட்டோவைக் கழற்றித் துடைத்தேன். ஷெட்டில், ஓட்டுகிற சீட்டுக்கு நேர் எதிரே, மகளை ஆணி அடிக்கச் சொல்லி மாட்டினேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் வண்டி எடுப்பேன். பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

கொழுந்தனை விட்டுவிட்டேன். அவன் பெண்டாட்டியையும் விட்டுவிட்டேன். மன்னிக்காத ஆள் இப்போது ஒருத்தர்தான். என் வீட்டுக்காரர்.