தொண்டையில் ஒட்டிய சிலந்திக் கால்

மார்ச் 3

"சத்தம் போடாம சாப்பிடுங்க"ன்னு யாரைப் பாத்துடி சொல்றே? என்னையா? குரல்பெட்டிய டாக்டர் வெட்டி எடுத்து எட்டு மாசம் ஆச்சு. தட்டும் கரண்டியும் போடுற சத்தத்துக்கு நானா பொறுப்பு?

பதில் எழுத நான் சிலேட்டை எடுத்ததுமே என் பெண்டாட்டி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா சொல்லிட்டேங்க." கண்ணில் தண்ணீர். சிலேட்டை வைத்துவிட்டேன். இப்போது அவள் குளிக்கப் போயிருக்கிறாள், நான் நோட்டோடு சண்டை போடுகிறேன்.

முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கத்திய வாய் இது. நான் கிண்டல் ஆரம்பித்தால் அவள் கோபத்தில் மூன்று விசில் அடித்துவிட்டு, நான் முடிக்கும் முன்னே போய்விடுவாள். அதனால்தான் 'குக்கரு' என்று பேர் வைத்தேன். இப்போதோ நான் எழுதி முடிக்கும்வரை கைகட்டி நின்று படிக்கிறாள். "சரிங்க" என்கிறாள். சரிங்களாம்! இதுக்கு அவ என்னை நாலு அடி அடிச்சுட்டே போயிருக்கலாம்.

மார்ச் 5

டாக்டர் அனுப்பிய ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனோம். அங்கே ஒரு இன்ஜினியர் பெண். சிலந்திப் பொண்ணு என்று பேர் வைத்துவிட்டேன். சிலந்தியின் கால் மூட்டில் மயிரிழை வெடிப்புகள் இருக்குமாம். வலையில் ஈ துடித்தாலே வெடிப்பு விரிந்து சேதி சொல்லிவிடுமாம். அதே மாதிரி வெடிப்பு விட்டு, பிளாஸ்திரி போல ஒரு மெல்லிய ஒட்டு செய்திருக்கிறாள். கழுத்தில் ஒட்டிக்கொண்டு வாயசைத்தால், சட்டைப்பையில் இருக்கும் தீப்பெட்டி அளவு பெட்டி பேசுமாம்.

ஒட்டுக்கு பேட்டரி எங்கே என்று எழுதிக் கேட்டேன்.

"வேணாம் தாத்தா. உங்க தொண்டை அசையிறதுலயே கரண்டு எடுத்துக்கும்."

என் வாய்க்கு ஊருக்கே விளக்கு எரியுமே!

மார்ச் 9

ஒட்டைப் பழக்க வேண்டும். திரையில் வரும் வாக்கியத்துக்கு வாயசைக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஐம்பது தடவை. மொத்தம் இருபது வாக்கியம்தான். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, நன்றி... எல்லாம் நோயாளி பேச்சு. குக்கரைக் கிண்டல் பண்ண ஒன்று கேட்டேன். "அவசரத்துக்குத் தேவையானதுதான் முதல்ல" என்றாள் சிலந்திப் பொண்ணு.

சரி. 'மூச்சு முட்டுகிறது' வந்தபோது நான் வேறொன்றுக்கு வாயசைத்தேன். அசைத்ததைத்தானே சொல்லப்போகிறது? யாருக்குத் தெரியும்!

மார்ச் 10

என் நீள வாக்கியத்தை ஐம்பது தடவை அசைத்ததில் தாடை வலி. சொன்னால் காரணம் கேட்பார்கள்.

மார்ச் 16

ஒட்டை வீட்டுக்குக் கொடுத்தார்கள். குக்கர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் நின்று கம்பீரமாக வாயசைத்தேன்: குக்கரு, விசில் வந்தாச்சு, அடுப்பை அணை.

பெட்டி சொன்னது: "மூச்சு முட்டுகிறது."

துணியெல்லாம் தரையில். "ஐயோ, யாராவது வாங்களேன்!" இல்லடி, கிண்டல்டி என்று விளக்கப் பார்த்தேன், வாய் பழைய அசைவுக்கே போயிற்று. "மூச்சு முட்டுகிறது." எனக்குச் சிரிப்பு. சத்தமில்லாமல் தோள் குலுங்கியதைப் பார்த்து வலிப்பு என்று நினைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். டிரைவர் வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "பெரியவர் நல்லாத்தாம்மா இருக்காரு. நீங்க உக்காருங்க."

அவள் தரையில் சிதறிய துணிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு போயிற்று. ஒட்டைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டாள். "இந்தச் சனியனே வேணாம். சிலேட்டு போதும்."

என்னடா பண்ணித் தொலச்ச கிழவா?

மார்ச் 18

செய்த திருட்டுத்தனத்தை நான்கு சிலேட்டு நிறைய எழுதிக் காட்டினேன். நின்று படித்தாள். அலமாரிச் சாவியை எடுத்து வந்தாள்.

சிலந்திப் பொண்ணிடம்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அது நீங்க சொல்றதைக் கேக்காது தாத்தா. இந்த அசைவுக்கு இந்த வாக்கியம்னு நான் சொன்னதைத்தான் நம்பும். நெசமாவே மூச்சு முட்டினா என்ன பண்ணியிருப்பீங்க?" திரை முன்னால் போய் உட்கார்ந்தேன். 'மூச்சு முட்டுகிறது' மறுபடி ஐம்பது. ஒன்றில்கூட ஏமாற்றவில்லை.

பிறகு அவளே கேட்டாள்: "இருபதுதான் தாங்கும். ஒண்ணை எடுத்தாத்தான் உங்க கிண்டலுக்கு இடம். எதை எடுக்கட்டும்?"

'நன்றி'யைக் காட்டினேன். எழுதினேன்: என் பெண்டாட்டிகிட்ட நன்றின்னு சொன்னா மறுபடி ஆம்புலன்ஸைக் கூப்பிடுவா.

சிரித்துவிட்டாள். கூட வந்திருந்த குக்கர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 6

காலையில் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டேன். வேண்டுமென்றேதான்.

"எத்தனை தடவைங்க சொல்றது?" என்றாள், மெதுவாக. இன்னும் நர்ஸ் குரல். நான் வாயசைத்தேன்.

பெட்டி, ரயில் வரும் நேரத்தை அறிவிப்பதுபோல, நிதானமாக ஆரம்பித்தது: "குக்கரு, விசில் வந்தாச்சு—"

"ஆரம்பிச்சிட்டாரு! ஒம்பது மாசம் காது நிம்மதியா இருந்துச்சு!" துண்டை என் தலையில் எறிந்துவிட்டு விருட்டென்று போய்விட்டாள்.

"—அடுப்பை அணை" என்று பெட்டி கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தது.