தேன் குரலில் கூப்பிட்ட பேய்

ஹான்காக், மிச்சிகன்
12 ஏப்ரல் 1938

அன்புள்ள தைஸ்தோ அண்ணாவுக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம். சிகாகோவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே ஏரியில் பனி இன்னும் உடையவில்லை.

உன் கதை வந்த பத்திரிகை நம் ஊர்க் கடைக்கே வந்துவிட்டது. அட்டையில் அரைகுறை உடையில் ஒரு பெண். அவளைப் பிடித்திழுக்கும் எட்டுக் கைப் பிராணி. சுரங்க வேலையை உதறிய பிள்ளை அங்கே போய் என்ன தோண்டியிருக்கிறான் பாருங்கள் என்று கடைக்கார ஹில்துனென் அப்பாவிடம் அதை நீட்டினாராம். அப்பா வாங்கி, கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். நீ பேரை மாற்றிக்கொண்டு 'டாம் ஸ்டோன்' ஆனதிலிருந்து மூன்று வருடமாக உன் பேரையே எடுக்காத மனிதர், காபியை ஊற்றிக்கொண்டு, வாசி என்றார்.

ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி நம் ஃபின்னிஷ் பேச்சில் மாற்றிச் சொன்னேன். ராக்கெட்டுக்குள் குடியேறிய நம் சவுனா நீராவிக் குளியலறைப் பூதம், கொதிக்கும் எஞ்சினில் தண்ணீரை ஊற்றி ஆவியாலேயே கேப்டனை விரட்டும் இடத்தில் காபி சிந்தச் சிந்தச் சிரித்தார். எல்லோரும் குளித்தபின் கடைசி ஆவி பூதத்துக்கு உரியது, அதை மறந்துவிட்டானே என்று குறையும் சொன்னார்.

செவ்வாய்க் கிரகத்து ஏரியிலிருந்து நீர்ப்பேய் இறந்துபோன அம்மாவின் குரலில் தேனாகக் கூப்பிடும் இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அப்பா எழுந்துபோய் அரைமணி நேரம் விறகு பிளந்தார். எல்லாம் கெட்டது என்றே நினைத்தேன். திரும்பி வந்து, "உங்க அம்மா என்னைக்குத் தேன் குரல்ல கூப்பிட்டாடி? கம்பளிக் காலுறை போட்டியான்னுதானே ஆரம்பிப்பா. அதுலயே இவன் பேயைக் கண்டுபிடிச்சிருக்க வேணாமா?" என்றார். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை போதகர், பேய்க்கதை எழுதும் டாம் ஸ்டோன் யாரோ என்று குத்தலாகக் கேட்டார். அப்பா சபை முழுக்கக் கேட்கும்படி, "அது என் பையன், தைஸ்தோ கிவெலா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது அப்பா, தாத்தா சொன்ன காட்டுக் கதைகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். உனக்கு அனுப்பலாமா என்றால் முறைக்கிறார். நடுக்கோடைப் பண்டிகைக்கு இன்னும் பத்து வாரம்தான். ஆண்டவன் உன்னைக் காக்கட்டும். கீழே எழுதியிருப்பது அப்பா.

உன் தங்கை,
ஐலி

மகனே, என் கையெழுத்து யாருக்கும் புரியாது. நேரில் வந்தால் அந்த நோட்டை நானே வாசித்துக் காட்டுகிறேன்.