வெள்ளைத்தாள் ஒட்டிய முகம்

இன்று காலை ராஜகோபுரத்து வாசலில் ஒரு போலீஸ்காரப் பெண் என்னை நிறுத்தி, உள்ளங்கையில் இரண்டு ஊக்குகளை வைத்தாள். "செயினை ஜாக்கெட்டோட சேத்துக் குத்திக்கோங்கம்மா. கூட்டம் ஜாஸ்தி." வைகுண்ட ஏகாதசிக்கு வருடா வருடம் கொடுப்பதுதான். ஆனால் இந்த முறை அதை வாங்கிய இடத்திலேயே நின்றுவிட்டேன். நீ போன பிறகு வருகிற முதல் ஏகாதசி இது.

உன் கைப்பையில் எப்போதும் ஒரு கொத்து ஊக்கு கிடக்கும். உன் முக்காட்டுக்கு இரண்டு, மீதியெல்லாம் எனக்கு. கோர்ட்டுக்குள் நுழையும்போதுதான் என் கழுத்தில் கட்டிய வெள்ளைப் பட்டை அவிழும். "என்ன மாமி, கவர்மெண்டுக்கே வாதாடறீங்க, கழுத்துல ஒரு பட்டை நிக்க மாட்டேங்குதே" என்று சொல்லிக்கொண்டே குத்திவிடுவாய். என்னைவிட ஒரு வயது மூத்தவள் நீ. ஸ்ரீரங்கத்துக்காரி என்பதற்காக என்னை மாமி என்று கூப்பிடுவதில் உனக்கு அப்படியொரு சந்தோஷம். குத்திவிட்ட கையோடு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து என் வாதத்தைக் கிழிப்பாய்.

செல்வியின் வழக்கும் அப்படித்தான் வந்தது. அந்த வருடம் ஏகாதசிக்கு முன்பு, பஸ் நிற்கும் இடத்தில் போலீஸ் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. மேலே 'திருடர்கள் ஜாக்கிரதை', கீழே வரிசையாக முகங்கள். அதில் ஒன்று செல்வியுடையது. மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்லில் கூலி வேலை பார்க்கிறவள். எப்போதோ பஸ்ஸில் ஒரு செயின் காணாமல் போனபோது பக்கத்தில் நின்றவள் என்று பிடித்தார்கள். கோர்ட் விடுதலை செய்துவிட்டது. படம் மட்டும் போலீஸிடம் தங்கிவிட்டது. மகளுக்கு உறையூரில் சம்பந்தம் பேசி முடித்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஏகாதசிக்குத் தவறாமல் கோயிலுக்கு வருகிறவர்கள். அவர்கள் கண்ணில் படுவதற்குள் படம் இறங்க வேண்டும் என்று உன்னிடம் வந்து அழுதாள். நீ அவசர மனு போட்டாய். அரசுத் தரப்பில் நான்.

எனக்கு அந்த ஃப்ளெக்ஸ் பலகை அங்கேயே இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. என் அம்மாவின் தாலிச் செயின் இந்தக் கூட்டத்தில்தான் போனது. ஊக்குக் குத்தியிருந்தும் அறுத்துவிட்டார்கள். அதன்பின் ஏகாதசி என்றால் அம்மா வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. பரமபத வாசலுக்கு நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு டிவியில் சேவிக்கிறாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"லட்சம் பேர் கூடுகிற இடத்தில் ஒருத்தியின் கௌரவம் பெரிதா, அத்தனை பேரின் பாதுகாப்பு பெரிதா?" என்று கேட்டேன். குரல் ஏறிவிட்டது. "என் தாயார் கழுத்திலிருந்தே..." என்று ஆரம்பித்துவிட்டேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, "மேடம், நீங்க வக்கீலா வந்திருக்கீங்களா, சாட்சியா வந்திருக்கீங்களா?" என்றார். கோர்ட்டே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. எழுந்து, "இவங்க அம்மாவை எனக்குத் தெரியும் ஐயா. அவங்க பயம் நிஜம். ஆனா ஊக்கு குடுத்தா யாருக்கும் காயம் இல்லை. பலகை வெச்சா, கோர்ட்டு விட்டவளைத் தெரு பிடிச்சுக்குது" என்றாய்.

விடுதலையானவரின் படத்தை மறைக்க வேண்டும் என்று உத்தரவானது. மறைத்தார்கள், எப்படி? சாயங்காலம் நாம் போய்ப் பார்த்தபோது செல்வியின் முகத்தின்மேல் ஒரு வெள்ளைத்தாளைப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். மற்ற முகங்களையெல்லாம் விட்டுவிட்டு ஜனங்கள் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது யாருங்க, பெரிய ஆளோ?" என்று ஒருவர் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சற்றுத் தள்ளிச் செல்வி நின்றிருந்தாள்.

நீ செல்வியிடம் ஓடினாய். நான்தான் போனை எடுத்தேன். பலகை வைத்த போலீஸ் அதிகாரியிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கத்தினேன் என்பது நினைவிருக்கிறது. இருட்டுவதற்குள் ஆட்கள் வந்து ஃப்ளெக்ஸையே அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். "கேஸ்ல ஜெயிச்சது நான், சண்டை போட்டது நீங்களா மாமி?" என்றாய். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது.

ஆனால் அந்த ஏகாதசிக் கூட்டத்தில் வேறொரு பெண்ணின் செயின் போனது. அதை என்னிடம் வந்து சொன்னதே நீதான். நானாக இருந்தால் எதிர்த்தரப்பிடம் மூச்சு விட்டிருக்க மாட்டேன். "பலகை இருந்திருந்தா போயிருக்காதுன்னு சொல்லுவியா?" என்று கேட்டாய். தெரியவில்லை என்றேன். "எனக்கும் தெரியலடி. அல்லாவுக்குத்தான் வெளிச்சம். செல்வி அழுததுக்கு நான் வாதாடினேன். இந்தம்மா அழறதுக்கு யாரு வாதாடறது?" நம் டீ இரண்டும் ஆறிப்போய்க் கிடந்தன. வழக்கில் ஜெயித்துவிட்டு இப்படிக் கலங்கிய இன்னொரு வக்கீலை நான் பார்த்ததில்லை.

புத்தூர் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது முக்காடு ஊக்கில்லாமல் சரிந்து கிடந்தது. "என் ஊக்கெல்லாம் எங்கே?" என்று கேட்டேன். "இனிமே நீயே வாங்கிக்கோடி" என்றாய். வெளியே வந்து அழுதேன்.

இன்று எங்கும் ஃப்ளெக்ஸ் இல்லை. ஊக்கு கொடுத்த பெண்ணிடமே கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? கேமரா வெச்சிருக்கு. பழைய கேஸ் ஆளுங்க முகத்தையெல்லாம் உள்ள ஏத்தியாச்சு. வந்தா அதுவே காட்டிக் குடுத்துடும்" என்றாள். நிம்மதியாகத்தான் இருந்தது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் அம்மாவை அழைத்து வரலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அதற்குள் உன் கேள்வி என் வாயில் வந்துவிட்டது.

"கோர்ட்டு விடுதலை பண்ணினவங்க முகத்தை அதுலேர்ந்து எடுத்துட்டாங்களா?"

அவள் அடுத்தவருக்கு ஊக்கை நீட்டினாள். "எனக்குத் தெரியாதும்மா. மேலதான் கேக்கணும்."

செல்வி இப்போதெல்லாம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஏகாதசிக்கு வருகிறாள். அவள் படம் அந்தக் கேமராவுக்குள் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. இருந்தால், வெள்ளைத்தாள் ஒட்டக்கூட அங்கே இடமில்லை.

ஒரு ஊக்கைச் செயினில் குத்திக்கொண்டேன், அம்மாவுக்காக. இன்னொன்றைப் பையில் கழுத்துப் பட்டையோடு வைத்திருக்கிறேன். அரசுத் தரப்பை விட்டு நான் வந்து நாளாகிறது. திங்கட்கிழமை மேலே கேட்கப் போகிறேன். பதில் வராவிட்டால் மனு போடுவேன். செல்வி வழக்கில் நான் பேசியதையெல்லாம் எதிரே ஒருவர் பேசுவார். அதிலும் பொய்யில்லை என்று தெரிந்துகொண்டே, நீ உட்கார்ந்த பக்கத்தில் நான் உட்கார வேண்டும். பட்டையை வீட்டிலேயே குத்திக்கொண்டு போய்விடுவேன்.