‘இட்’ இல்லாத வாக்கியம்

12 நவம்பர் 1959, வியாழன். சித்தூர்.

இந்நேரத்தில் எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். குழந்தை கோவர்த்தனன் தூங்கி, அத்தையும் படுத்து, பள்ளிக்கூடப் பெண்களின் இங்கிலீஷ் நோட்டுகளைத் திருத்தி முடித்த பிறகுதான் இதைத் தொட முடிகிறது. “கார்டில் எல்லாவற்றையும் எழுதாதே வேணி, இதில் எழுதி வை, லீவில் வரும்போது படிக்கிறேன்” என்று நீங்கள் கொடுத்துப் போன நோட்டு. மூன்று மாதமாக லீவு கிடைக்கவில்லை உங்களுக்கு.

இன்று கார்டு வந்தது. தபால்காரர் கங்கையா தெருவிலிருந்தே கத்தினார்: “அம்மகாரு, திருப்பதி கார்டு! மறுபடியும் இங்கிலீசு. எனக்குத்தான் ஒண்ணும் புரியல!” தமிழோ தெலுங்கோ என்றால் படித்து முடித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார்.

‘பிராட் அப் ஆன் மண்டே. டோன்ட் டெல் மதர்.’

திங்கட்கிழமை ஆபீசரிடம் மாற்றல் பேச்சை எடுத்தே விட்டீர்கள்! திருத்தணிக்கு மாற்றல் கேளுங்கள் என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். திருத்தணி ஆந்திராவை விட்டு மதராஸோடு போகப்போகிறது, இப்போது கேட்டால்தான் உண்டு. அங்கே தனியாக ஒரு சின்ன வீடு, நாம் மூன்று பேர். அத்தைக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படும், இங்கிலீஷில் எழுதுங்கள் என்று சொன்னதும் நான்தான்.

26 நவம்பர்

இன்னொரு கார்டு. ‘பிராட் அப் எகெய்ன் ஆன் ட்யூஸ்டே. எ லிட்டில் மோர் திஸ் டைம்.’ செவ்வாய்க்கிழமை மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக. வாயே திறக்காத மனிதர்!

“இன்னாம்மா எழுதிக்கீறான் எம்புள்ள?” என்றார் அத்தை.

“சௌக்கியமா இருக்காராம்.”

“சௌக்கியத்துக்கு இத்தினி எழுத்தா? இந்த இங்கிலீசு ரொம்பத்தான் நீட்டுது.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். உங்களுக்கு உடனே பதில் போட்டேன்: ரொம்ப சந்தோஷம். ‘கீப் இட் அப்.’ விடாமல் தொடருங்கள்.

3 டிசம்பர்

கார்டு இல்லை. எல்லைக் கிராமங்களின் தஸ்தாவேஜு வேலை அதிகமாக இருக்கும்.

10 டிசம்பர்

எழுத்து கோணலாக வருகிறது.

இன்று வகுப்பில் ‘பிரிங் அப்’ என்பதை வைத்து மூன்று வாக்கியம் எழுதச் சொன்னேன். பிள்ளையை வளர்ப்பது. பேச்சில் ஒன்றை எடுப்பது. கீழே இருப்பதை மேலே கொண்டுவருவது. தாட்சாயணி ‘த பேபி பிராட் அப் அட் நைட்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் சுழித்தேன்.

“எதை? ‘இட்’ எங்கேடி? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“‘இட்’ வேணாம் டீச்சர். கொயந்த துன்னத கக்கிடுச்சின்னா டாக்டரு சீட்டுல இப்டித்தான் எழுதுவாரு. ரத்தம் கக்கினாக்கூட இதான். எங்க நைனா கம்பவுண்டர் டீச்சர், நான் பாத்துக்கீறேன்.”

பெண்கள் சிரித்தார்கள். நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் கார்டுகளை எடுத்தேன். ‘இட்’ இல்லை. இரண்டிலும் இல்லை. ஆபீசரிடம் பேச்சை எடுத்திருந்தால் ‘பிராட் இட் அப்’ என்று எழுதியிருப்பீர்கள். நீங்கள் தப்பாக எழுதுகிறவர் இல்லையே. பி.ஏ. படித்தேனே, ஊரார் பெண்களுக்கெல்லாம் சுழித்தேனே — இதை ஏன் சுழிக்கவில்லை? கொஞ்சம் கூடுதலாக. அதற்குத்தான் சந்தோஷம்னு எழுதினேனா? விடாம பண்ணுங்கன்னு எழுதினேனா? ஐயோ, என்ன பாவி நான்.

13 டிசம்பர், ஞாயிறு

பள்ளிக்கூட வேலை என்று அத்தையிடம் பொய் சொல்லிவிட்டு, பிள்ளையோடு திருப்பதி பஸ் ஏறினேன். உங்கள் அறையில் கூட இருப்பவர்தான் ஆஸ்பத்திரியைக் காட்டினார். இருபது நாளாக நெஞ்சு நோய் வார்டில் இருக்கிறீர்கள்.

கண்டதும் நீங்கள் சொன்ன முதல் பேச்சு, “கொயந்தய இன்னாத்துக்கு இட்டாந்த? தூரப் போ, ஜன்னலுக்கு அந்தாண்ட நில்லு.”

நின்றேன். தலையணைக்கு அடியிலிருந்து என் கார்டை எடுத்துக் காட்டினீர்கள்.

“‘கீப் இட் அப்’னு போட்டியே, நர்சம்மாகிட்ட காட்டினேன். உன் பொஞ்சாதிக்கு உம்மேல இத்தினி ஆசையான்னு கேக்கறாங்க.”

“எனக்குப் புரியலன்னு தெரிஞ்சதும் தெளிவா எழுதறதுதானே?”

“சந்தோஷமா கீறியே, இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போன்னு வுட்டுட்டேன்.”

மாற்றல் கேட்கவே இல்லையாம்.

9 ஜனவரி 1960

உங்களுக்குத் தினம் ஊசி. எடை ஏறவில்லை. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. ‘டோன்ட் டெல்’ என்பதற்கு ஒரே அர்த்தம்தான்.

24 மார்ச்

கார்டு. எழுத்து படுத்தபடி எழுதியதுபோல் சாய்ந்திருக்கிறது. ஒரே வரி: ‘பிரிங் அப் த பாய் விதவுட் மீ.’

கோவர்த்தனனுக்கு மலையில் முடி இறக்குவதாக வேண்டுதல். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், பிள்ளையை மேலே அழைத்துப் போ என்கிறீர்கள். அதுதானே?

அல்லது — பிள்ளையை வளர்ப்பது என்று வகுப்பில் சொன்ன அர்த்தமா?

பத்து தடவை படித்துவிட்டேன். இந்தத் தடவை இலக்கணம் உதவவில்லை. இரண்டுமே சரியான வாக்கியம்.

1 ஏப்ரல்

இன்றிலிருந்து திருத்தணி மதராஸ். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குக் கொண்டாட்டம், பாதிப் பேருக்குக் கோபம். எனக்கு இரண்டும் இல்லை.

3 ஏப்ரல், ஞாயிறு

முடி இறக்கியாயிற்று. உங்கள் மடியில் உட்கார வேண்டியவன் அத்தை மடியில் உட்கார்ந்தான். அழவே இல்லை, மொட்டைத் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டான்.

இறங்கியதும் அத்தையை நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன். மொட்டையை நீங்கள் ஜன்னல் வழியாகவாவது பார்க்கட்டும் என்று. உங்கள் கட்டிலில் மெத்தை இல்லை, வெறும் கம்பி. நர்சம்மாவைத் தேடி ஓடினேன். இருமல் அடங்கவில்லை என்று வெள்ளிக்கிழமை மதனப்பள்ளி சானடோரியத்துக்கு அனுப்பிவிட்டதாக நர்சம்மா சொன்னார். வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்றீர்களாம்.

வராந்தாவிலேயே அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கேட்டார்:

“அந்தக் கார்டுல அத்தினி எழுத்தும் இதானா கீது?”

“ஆமாம் அத்தை.”

“மாத்திப் படிச்சியே எனக்கு. நல்லாத்தான் படிச்ச.”

இந்த நோட்டையே நாளைத் தபாலில் அனுப்புகிறேன். நீங்கள் லீவில் வந்து படிப்பதாக இருந்தது, அங்கேயே படியுங்கள். நீங்கள் எழுதியதில் ஓர் அர்த்தத்தை முடித்துவிட்டேன், பிள்ளையை மேலே அழைத்துப் போய் வந்தேன். மற்ற அர்த்தத்துக்கு எனக்குச் சம்மதம் இல்லை. எதை நினைத்து எழுதினீர்கள் என்று தமிழிலேயே எழுதுங்கள், கங்கையா படித்தாலும் பரவாயில்லை. சீக்கிரம் பதில் போடுங்கள்.